கேட்காமல் விட்டவர்கள் நாம்தான்

மலேசிய மக்களில் இந்தியர்களான நாம் ஏறத்தாழ 7 விழுக்காடு. நாம் பெரும்பான்மையாக வாழும் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. ஆனால் கலப்புத் தொகுதிகளில் நம் வாக்கு ஒரே பக்கம் சாய்ந்தால் முடிவு மாறலாம். அதனால்தான் தேர்தல் நெருங்கும்போது எல்லாக் கட்சிகளும் நம்மை 'இந்தியர்' என்று தனியே அழைத்துப் பேசுகின்றன.

இந்தியர் உரிமை கோரிய இண்ட்ராஃப் அமைப்பின் 2007 நவம்பர் 25 பேரணியும், அடுத்த ஆண்டு மார்ச் பொதுத்தேர்தலில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றதும் நம் பலத்தைக் காட்டின. 2010இல் அப்போதைய பிரதமர் நஜிப், இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்குடன் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார். 2013 ஏப்ரலில் வேதமூர்த்தி தரப்பு இண்ட்ராஃபுடன் உடன்படிக்கையும் செய்தார். பின்னர் துணையமைச்சரான வேதமூர்த்தி, வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்று 2014 பிப்ரவரியில் விலகினார். அவர் ஏமாந்தாரா, நம்மை ஏமாற்றினாரா என்று உணவகங்களில் விவாதித்தோம். உடன்படிக்கையில் என்ன எழுதியிருந்தது என்பதைப் படித்தவர்கள் நம்மில் மிகச் சிலரே.

அதைவிடப் பெரிய தவறு 2018இல் நடந்தது. நாடற்ற இந்தியர்களின் குடியுரிமைச் சிக்கலை 100 நாளில் தீர்ப்பதாக நம்பிக்கைக் கூட்டணி (பக்காத்தான் ஹராப்பான்) தேர்தல் அறிக்கையில் எழுதியது. அந்தச் சிக்கலில் தவிப்பவர்களுக்கு வாக்கில்லை. குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இல்லாமல் பள்ளிச் சேர்க்கைக்கும் வேலைக்கும் அலைபவர்கள் அவர்கள். அவர்களுக்கான வாக்குறுதியைக் காட்டி நம் வாக்கைக் கேட்டார்கள், கொடுத்தோம். அந்த வாக்குறுதியைத் திரும்பக் கேட்கும் உரிமை நமக்கு மட்டுமே இருந்தது. 100 நாள் கடந்தது. சிக்கல் தீரவில்லை. 2020இல் அந்த ஆட்சியே கவிழ்ந்தது. சில தொண்டர்களும் வழக்கறிஞர்களும் மட்டும் தேசியப் பதிவிலாகா வாசலில் நின்றுகொண்டிருக்க, நாம் அமைச்சரவையில் எத்தனை இந்தியர் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த எண்ணிக்கையையே நம் உரிமை என்று நினைக்கப் பழகிவிட்டோம்.

கோயில் மண்டபத்துக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் மானியம் வந்தபோது மாலை போட்டோம். நம் வரிப்பணத்திலிருந்து வருவதற்கு நன்றி சொன்ன நாம், கணக்குக் கேட்பதை நாகரிகக் குறைவாகக் கருதினோம். அரசியல்வாதிகள் நம்மைப் பிரித்துப் பேசியது உண்மை. ஆனால் பேசியதை எழுதிவைத்துத் திரும்பக் கேட்காதது முழுக்க நம் பொறுப்பு.

அடுத்த பொதுத்தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். கொடி கட்டும் நாள்வரை காத்திருக்காதீர்கள். நம் தொகுதியில் குடியுரிமை விண்ணப்பங்கள் எத்தனை நிலுவையில் உள்ளன, எத்தனை முடிந்தன என்று நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு இந்த வாரமே கடிதம் எழுதுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.