பெட்டியில் ‘ரேஸர் ஷார்ப்’... தக்காளியில் வழுக்குதே! கத்தியின் கூர்மைக்கு நம்பர் எங்கே?

பாளையம்பட்டியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இப்போது நான்கு கத்திகள் இருக்கின்றன. அதில் மூன்று தக்காளியை வெட்டாது, நசுக்கும். கடைசியாக வந்தது நான் ஆன்லைனில் வாங்கியது. பெட்டியில் பெரிய எழுத்தில் ‘ரேஸர் ஷார்ப்’. விளம்பர வீடியோவில் பேப்பரை அந்தரத்தில் பிடித்துச் சீவினார்கள். வந்த அன்று நானும் அப்படியே சீவி ஸ்டேட்டஸ் வைத்தேன்.

ஒரு மாசம்தான். தக்காளித் தோலில் வழுக்கிய கத்தி அம்மாவின் இடதுகை ஆள்காட்டி விரலில் இறங்கியது. மூணு தையல். “மொட்டைக் கத்திதான்டா கையை வெட்டும்” என்றார் அம்மா. சரிதான். கத்தி மழுங்கினால் நாம் கூடுதலாக அழுத்துகிறோம்; வழுக்கும்போது அந்த அழுத்தம் மொத்தமும் விரல் மேல் விழுகிறது.

கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். ‘கூர்மை என்பது பயன்பாட்டைப் பொறுத்தது’ என்று பதில் வந்தது. செம கடுப்பு. ஆனால் தேடிப் படித்தபோது அந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பது தெரிந்தது. மீதிப் பாதியைத்தான் நம்மிடம் மறைக்கிறார்கள்.

கூர்மைன்னா என்ன?

எவ்வளவு தீட்டினாலும் கத்தியின் விளிம்பு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டையாகத்தான் இருக்கும். அந்த உருண்டை எவ்வளவு சின்னதோ, அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் வெட்டு விழும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், நன்றாகத் தீட்டிய விளிம்பு ஒரு மைக்ரானுக்கும் கீழே.

அது மட்டும் போதாது. விளிம்புக்குப் பின்னால் கத்தி எவ்வளவு சரிவாகத் தடிக்கிறது என்பதும் கணக்கு. இதை நம்ம பக்கத்து ஆட்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாயல்குடி பக்கம் பனையேறிகள் பாளை சீவும் அரிவாளைப் பார்த்திருக்கிறீர்களா? தினமும் மெல்லிசாகச் சீவ வேண்டும். நசுங்கினால் பதநீர் ஒழுங்காகச் சொட்டாது. அதனால் விளிம்பு அவ்வளவு மெல்லிசு. (பாளையம்பட்டியில் இருக்கும் ‘பாளையம்’ வேறு, இந்தப் பாளை வேறு!) அதே அரிவாளைத் திருச்சுழி பக்கம் கரிமூட்டம் போட சீமைக்கருவேலம் வெட்டுபவர் கையில் கொடுத்தால், ரெண்டே வெட்டில் விளிம்பு பொரிந்துவிடும். அவருக்கு வேண்டியது தடித்த, தாங்குகிற விளிம்பு. இரண்டுமே கூர்மைதான். எதை வெட்டப்போகிறோம் என்று சொல்லாமல் ‘ஷார்ப்’ என்பது, எங்கே போகணும் என்று சொல்லாமல் பஸ் டிக்கெட் கேட்கிற மாதிரி.

அளக்க முடியுமா? முடியும்!

சமையல் கத்திகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ 8442-5 என்ற சர்வதேசத் தரநிலை 2004-ல் வந்தது. கத்தியை விளிம்பு மேலே பார்க்க நிறுத்தி, மணல் போன்ற சிலிக்கா 5 சதவிகிதம் கலந்த அட்டைக் கட்டை அதன் மேல் 50 நியூட்டன் விசையில், அதாவது ஏறக்குறைய 5 கிலோ எடையில், அழுத்துவார்கள். கத்தி முன்னும் பின்னும் போய் வரும். முதல் 3 சுற்றில் எத்தனை மில்லிமீட்டர் வெட்டியது என்பது ஒரு நம்பர். 60 சுற்று முடிவில் மொத்தம் எவ்வளவு வெட்டியது என்பது இன்னொரு நம்பர். முதலாவது, வாங்கிய அன்றைய கூர்மை. இரண்டாவது, அது எத்தனை நாள் தாங்கும் என்பதற்கான அறிகுறி.

என் பெட்டியில் இந்த ரெண்டு நம்பருமே இல்லை. பேப்பர் சீவுகிற வீடியோ முதல் நாள் கூர்மையை மட்டும்தான் காட்டுகிறது, அதுவும் அரைகுறையாக. பளபளவென்று தீட்டிய விளிம்பு பேப்பரையும் முடியையும் அழகாகச் சீவும். அதே விளிம்பு தக்காளித் தோலில் வழுக்கவும் கூடும். லேசாகச் சொரசொரப்பு இருந்தால்தான் தோலில் பிடிக்கும். கதிர் அறுக்கிற அரிவாளுக்குப் பல் வைத்த பெரியவர்களுக்கு இது என்றைக்கோ தெரியும்.

கூர் போவதும் நாம் நினைக்கிற மாதிரி வெறும் தேய்மானம் இல்லை. முடி எஃகைவிட சுமார் 50 மடங்கு மெதுவானது. ஆனாலும் முடி பட்டே ஷேவிங் பிளேடின் விளிம்பு துண்டு துண்டாகப் பெயர்கிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி ஆய்வாளர்கள் 2020-ல் காட்டினார்கள்.

எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கத்தியைக் கொடுத்தேன். தீட்டிவிட்டுக் கட்டைவிரலைக் குறுக்கே தடவிப் பார்த்தார். “எப்பிடிண்ணே தெரியும்?” என்றேன். “பிசிறு இருந்தாலும் கைக்குக் கூரா இருக்க மாதிரிதான் தெரியும் தம்பி. ரெண்டு வெங்காயம் நறுக்குனா அது மடங்கிரும்” என்று சொல்லி, தோல்பட்டையில் நாலு இழுப்பு இழுத்துக் கொடுத்தார். நீங்கள் விரலை வைக்க வேண்டாம். அது அவருடைய தொழில். லைட் வெளிச்சத்தில் விளிம்பை நேராகப் பாருங்கள். வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது.

ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் ரேட்டிங் பார்த்து வாங்குகிறோம். ஆயிரக்கணக்கில் விற்கிற கத்திக்கு ரெண்டு நம்பர் அச்சடிப்பதில் என்ன கஷ்டம்? பெட்டி போட்டு விற்கும் பெரிய பிராண்டுகளுக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. திருப்பாச்சேத்தி பட்டறைக்காரரிடம் லேப் சர்டிஃபிகேட் கேட்பது அநியாயம். அவரிடம் வாங்குகிறவர் அங்கேயே ஒரு கொம்பை வெட்டிப் பார்ப்பார், சரியில்லையென்றால் அடுத்த வாரம் நேரில் வந்து நிற்பார். ஆன்லைன் பெட்டிக்குப் பின்னால் அப்படிப் போய் நிற்க ஓர் ஆள் இல்லை.

சாணைக்காரர் 40 ரூபாய் கேட்டார். “இருப்பா” என்று உள்ளே போன அம்மா, கட்டுப்போட்ட விரலோடு ஒரு தக்காளியை எடுத்து வந்தார். அழுத்தாமல் கத்தியை மேலே வைத்து லேசாக இழுத்தார். தோல் பிரிந்தது. அதற்குப் பிறகுதான் காசு கொடுத்தார்.