நம் வீட்டுத் திரைக்கு நாமே செய்யும் கருவி



நம் இல்லங்கள் பலவற்றில், பீரோவின் மேல்தட்டிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ சில வீடியோ கேசட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் பெற்றோரின் திருமணம். மற்றொன்றில் மூத்த பிள்ளையின் புதுநன்மை விழா. இன்னொன்றில், இன்று நம்மிடையே இல்லாத பாட்டியார் சிரித்துப் பேசும் காட்சி. அவற்றை ஓட்டிக்காட்டும் கருவியோ வீட்டில் இல்லை. வி.சி.ஆர். கருவிகளை இறுதிவரை உற்பத்தி செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபூனாய், 2016-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவ்வுற்பத்தியை நிறுத்திவிட்டது. அண்மைக் காலத்துக் காட்சிகளோ அவரவர் கைப்பேசிக்குள் சிதறிக்கிடக்கின்றன. குடும்பம் முழுவதும் ஒருங்கே அமர்ந்து காணும் பெரிய திரையில் மட்டும் அக்குடும்பத்தின் காட்சிகளுக்கு இடமில்லை. எவரோ தேர்ந்து அனுப்புவதே அங்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்நிலையை மாற்றுதல் அரிதன்று. உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினிப் பலகை ஒன்றைத் தொலைக்காட்சியுடன் இணைத்து, குடும்பத்தின் படங்கள், பாடல்கள், ஒளிக்காட்சிகள் யாவற்றையும் ஒரே இடத்திலிருந்து காணும் கருவியை நாமே அமைத்துக்கொள்ளலாம். அதனை விளக்குவதே இத்திங்கள் நம் நோக்கம்.

பலகை பிறந்த கதை

ராஸ்பெரி பை என்பது இப்பலகையின் பெயர். பிறந்த இடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயில வரும் மாணவரின் தொகையும், அவர்களது முன்பயிற்சியும் குறைந்துவருவதை எபன் அப்டன் என்பாரும் அவர்தம் தோழர்களும் கவலையுடன் கண்டனர். 1980-களில் அந்நாட்டுச் சிறுவர் பலர், 1981-இல் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோ என்னும் கணினியில் தாமே நிரல் எழுதிப் பழகினர். பிற்காலப் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை, திறந்து பார்க்கவும் மாற்றிப் பார்க்கவும் இடந்தராத விலையுயர்ந்த பெட்டிகளே. கெட்டுப்போனாலும் பெற்றோர் பெரிதும் வருந்தாத விலையில் ஒரு கணினி வேண்டுமென்று எண்ணி, அறக்கட்டளை ஒன்றை அமைத்து, 2012 பிப்ரவரி 29 அன்று இப்பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். விலை 35 அமெரிக்க டாலர். நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56 மில்லிமீட்டர். 2015 நவம்பரில் 5 டாலர் விலையில் வந்த மிகச் சிறிய வகையை, அவர்கள் தம் திங்களிதழின் அட்டையிலேயே ஒட்டி வாசகருக்கு இலவசமாக வழங்கினர் என்பதும் சுவையான செய்தி.

பிள்ளைகளின் பயிற்சிக்கெனச் செய்யப்பட்ட பலகை, தொலைக்காட்சிக்குத் துணையானது எவ்வாறு? அதற்கு விடை, அதில் பதித்த சில்லில் இருக்கிறது. தெளிவுமிக்க ஒளிக்காட்சியின் ஒரு சட்டத்தில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 எனச் சுமார் 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 25 சட்டங்கள் ஓடுகின்றன. அவற்றை அப்படியே பதிவுசெய்தால் ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறத்தாழ 560 ஜி.பி. இடம் வேண்டும்! ஆதலால் காட்சிகளைச் சுருக்கியே சேமிக்கின்றனர். தொடர்கதையின் ஒவ்வோர் இதழிலும் முழுக்கதையையும் நாம் திரும்ப அச்சிடுவதில்லை. இடையிடையே முன்கதைச் சுருக்கம் தந்துவிட்டு, புதிதாக நிகழ்ந்ததை மட்டும் சொல்லிச் செல்கிறோம். ஒளிக்காட்சியின் சுருக்கமுறையும் அத்தகையதே. சில சட்டங்கள் முழுமையாக இருக்கும்; மற்றவற்றில் மாறிய பகுதி மட்டும் குறிக்கப்பட்டிருக்கும்.

அதனை நொடிதோறும் விரித்துத் திரையிலிடுதல் கடும் உழைப்பு. முதல் ராஸ்பெரி பையின் மையச் செயலி அதற்கு ஆற்றல் போதாதது. எனினும் அதே சில்லில், ஒளிக்காட்சியை விரிப்பதற்கென்றே தனிப் பகுதி ஒன்று இருந்தது. அதனால்தான் அச்சிறு பலகை, தன்னினும் பன்மடங்கு விலையுள்ள கணினிகளுக்கு நிகராகப் படங்காட்டிற்று.

இலவச மென்பொருள்

பலகை உடலாயின், மென்பொருள் உயிர். 'கோடி' என்னும் மென்பொருளே இங்கு நமக்கு வேண்டியது. நம் மொழியின் எண்ணுப்பெயருக்கும் இதற்கும் உறவில்லை. 2002-இல் எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுக் கருவியில் படம் பார்ப்பதற்கென்று ஆர்வலர் சிலர் எழுதத் தொடங்கியது இது. 2013 ஜனவரியில் வெளிவந்த 12-ஆம் பதிப்பு ராஸ்பெரி பைக்கும் இடமளித்தது. 2014-இல் இன்றைய பெயரைப் பெற்றது. இதற்கு விலையில்லை, விளம்பரமும் இல்லை. தன்னுடன் எந்தப் படத்தையும் இது கொண்டுவருவதுமில்லை. நாம் வைப்பதையே காட்டும். வெறும் அலமாரி போன்றது எனலாம்.

இந்தக் 'கோடி'யை இயக்குவதற்கு மட்டுமே தேவையானவற்றைத் திரட்டி, லிப்ரெ எலெக் என்னும் சிறிய இயங்குதளத்தைத் தன்னார்வலர் 2016 முதல் வழங்கி வருகின்றனர். புதியவர்களுக்கு இதுவே எளிது.

வேண்டிய பொருள்கள்

முதலாவது, பலகை. நம் கருத்தில், 2019-இல் வந்த பை 4 இப்பணிக்கு மிகப் பொருந்தும், 2 ஜி.பி. நினைவகம் உள்ளது போதும். பரவலாக வழங்கும் எச்.264, எச்.265 எனும் இருவகைச் சுருக்கங்களையும் விரிக்கும் பகுதிகள் அதில் உள்ளன. 2023-இல் வந்த பை 5 இன்னும் வேகமானது, அதில் எச்.264-க்குத் தனிப் பகுதி இல்லையெனினும், மையச் செயலியே அவ்வேலையைத் தாங்கும். நினைவகச் சில்லுகளின் விலைக்கேற்பப் பலகையின் விலையும் ஏறியிறங்குவதால், இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தபின் வாங்குதல் நன்று.

இரண்டாவது, மின்வழங்கி. பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தருவது வேண்டும். பை 5-க்கு 5 ஆம்பியர். கைப்பேசியின் பழைய சார்ஜரைக் கொண்டு சிக்கனம் செய்ய முயல்வோரே பெரும்பாலும் துன்புறுகின்றனர். மின்னழுத்தம் குறைந்தால் திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும், படம் தடைப்படும்.

மூன்றாவது, 16 ஜி.பி. மெமரி கார்டு. நான்காவது, எச்.டி.எம்.ஐ. வயர், பை 4, பை 5 இரண்டிலும் உள்ளவை மிகச் சிறிய துளைகளாதலால், ஒரு முனை 'மைக்ரோ' வகையாக இருத்தல் வேண்டும். ஐந்தாவது, வெப்பத்தை வெளியேற்றும் உலோக உறை. ஆறாவது, படங்களைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க். பை 4-இன் யூ.எஸ்.பி. துளைகள் அனைத்தும் சேர்ந்து 1.2 ஆம்பியர் மட்டுமே தரக்கூடியவை; ஆகவே தனி மின்னிணைப்புடைய ஹார்டு டிஸ்க் ஆயின் கவலையில்லை.

அமைக்கும் முறை

வேறொரு கணினியில் லிப்ரெ எலெக்கை இறக்கி, அவர்கள் வழங்கும் எழுதுகருவியால் மெமரி கார்டில் பதிக்க வேண்டும். கார்டில் முன்பிருந்தவை யாவும் அழிந்துவிடும் என்பதை மறத்தலாகாது. கார்டைப் பலகையில் செருகி, தொலைக்காட்சி வயரையும் ஹார்டு டிஸ்கையும் இணைத்து, மின்சாரத்தை இறுதியாகக் கொடுக்க வேண்டும். முதன்முறை தானே ஒருமுறை நின்று மீண்டும் இயங்கும், அஞ்ச வேண்டா. பின்னர் மொழி, வை-ஃபை முதலியவற்றைக் கேட்கும்.

தனி ரிமோட் தேவையில்லை. எச்.டி.எம்.ஐ. வயரின் வழியே தொலைக்காட்சியின் ரிமோட்டே இக்கருவியையும் இயக்கும். சி.இ.சி. எனப்படும் இவ்வசதியைச் சாம்சங் 'எனிநெட்' என்றும், எல்.ஜி. 'சிம்ப்லிங்க்' என்றும், சோனி 'பிராவியா சிங்க்' என்றும் அழைக்கின்றன. தொலைக்காட்சியின் அமைப்புப் பக்கத்தில் அது நிறுத்தப்பட்டிருந்தால் இயக்கிவிடுக. முதியோரும் பழகிய பொத்தான்களைக் கொண்டே பாட்டுக் கேட்கலாம்.

ஹார்டு டிஸ்கில் படங்கள், பாடல்கள், குடும்பக் காட்சிகள் என மூன்று உறைகளை அமைத்துக்கொள்க. குடும்பக் காட்சிகளின் பெயரில் ஆண்டை முதலில் எழுதுக: 1987 திருமணம், 1994 புதுநன்மை என்றவாறு. அவை தாமே காலவரிசையில் நிற்கும். கடையில் வாங்கிய திரைப்படங்களுக்குக் 'கோடி' இணையத்திலிருந்து விவரம் தேடித் தரும். நம் வீட்டுத் திருமணத்திற்கு இணையத்தில் விவரம் ஏது? ஆகவே அவ்வுறைக்கு விவரம் தேட வேண்டா எனக் குறித்துவிடுக. பெயர் வழியாகவே பட்டியலிடும்.

கேசட்டுகளைக் காத்தல்

இப்பணியில் கருவியினும் காலமே அரியது. காந்த நாடா நாளடைவில் வலுவிழக்கும். ஈரக்காற்றில் பூஞ்சணம் பற்றும். இயங்கும் வி.சி.ஆர். ஒன்றை உறவினரிடமோ பழைய பொருள் கடையிலோ தேடிப் பெற்று, கணினியில் செருகும் வீடியோ கேப்சர் கருவியுடன் இணைக்க வேண்டும். மஞ்சள் வயர் காட்சியையும், வெள்ளை, சிவப்பு வயர்கள் ஒலியையும் கொண்டுவரும். இதற்குக் குறுக்குவழியில்லை: மூன்று மணி நேரக் கேசட்டைப் பதிய மூன்று மணி நேரம் ஆகும். நொடிக்கு 5 மெகாபிட் அளவில் பதிந்தால் அது ஏறத்தாழ 7 ஜி.பி. இடம் கொள்ளும். ஆயிரம் ஜி.பி. ஹார்டு டிஸ்க் ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கேசட்டுகள் அடங்கும். வெண்பூஞ்சணம் தெரியும் நாடாவை மட்டும் அப்படியே ஓட்டலாகாது. நாடாவும் கெடும், கருவியும் கெடும். அதனைத் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே முறை.

பதிந்தபின் ஒரே பிரதியோடு நின்றுவிடலாகாது. ஹார்டு டிஸ்க் கேசட்டைப் போல மெல்ல மங்குவதில்லை. ஒருநாள் முற்றிலும் ஓய்ந்துவிடும். இரண்டாம் பிரதி ஒன்றை வேறு ஹார்டு டிஸ்கில் எடுத்து, வேறோர் ஊரிலுள்ள உடன்பிறந்தாரிடம் கொடுத்து வைப்பது அறிவுடைமை. அவர்களுக்கும் அதில் பங்குண்டன்றோ?

சில எச்சரிக்கைகள்

பலகையின் மின்சாரத்தைத் திடீரென நிறுத்துதல் கூடாது. பட்டியலில் உள்ள நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தபின்னரே நிறுத்துக. இன்றேல் மெமரி கார்டு பழுதாகலாம். கட்டணம் செலுத்திக் காணும் இணையத் திரைச் சேவைகளை இதில் முழுத் தெளிவுடன் எதிர்பார்த்தலாகாது. அந்நிறுவனங்கள் தம் படங்களுக்கு இடும் பூட்டு இத்தகைய பலகைகளுக்கு எளிதில் திறவாது. அவை மட்டுமே வேண்டுவோர் கடைக்கருவியை வாங்குவதே நலம்.

மற்றொன்றும் சொல்லுதல் நம் கடமை. எல்லாப் படங்களும் இலவசமாகக் கிடைக்கும் என்று கூறி, 'கோடி'யில் களவு வழிகளைப் புகுத்திய பெட்டிகளைச் சிலர் விற்கின்றனர். 'கோடி'யை உருவாக்கியோரே அவர்களைக் கண்டித்துள்ளனர். அத்தகைய பெட்டிகளை விற்பது படைப்பாளரின் உரிமையை மீறுவதாகும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஏப்ரல் 26 அன்று தீர்ப்பளித்தது. பிறர் உழைப்பைத் திருடிக் காணும் படம், பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் தவறான பாடமாகும்.

நல்ல பாடம் ஒன்று இதே கருவியில் இருக்கிறது. கார்டில் பதிப்பதையும் வயர் இணைப்பதையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் விட்டுப் பாருங்கள். பெரியவர்கள் அருகிலிருந்தால் போதும். கேசட்டுகளுக்குப் பெயரெழுதும் வேலையைத் தாத்தாவிடம் விடுங்கள். இவர் யார், அது எந்த ஆண்டு, அந்த வீடு எங்கிருந்தது என்பவை அவருக்கன்றி எவருக்குத் தெரியும்? ஒருவர் கையும் மற்றவர் நினைவும் சேரும்போதுதான் அக்காட்சிகள் முழுமை பெறும். கருவி பழுதானால் வேறு வாங்கலாம்; முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர் மறைந்தபின், பெயரற்ற முகங்களே எஞ்சும்.

ஆகவே, பலகை வாங்கும் வரை காத்திருக்க வேண்டா. இவ்வாரமே பெட்டியைத் திறந்து, கேசட்டுகளை வெளியே எடுத்து, பூஞ்சணம் உள்ளவற்றைத் தனியே பிரித்து, எஞ்சியவற்றுள் மிகப் பழையது எதுவெனப் பார்த்து வையுங்கள். முதலில் பதிய வேண்டியது அதுவே.