ஆட்டோமேட்டிக்னா கியரைத் தொடக்கூடாதா?

"ஆட்டோமேட்டிக் வண்டில கியர்ல கை வைக்காதே, ட்ரான்ஸ்மிஷன் போயிடும். ப்ரேக் பேட் மலிவு, ட்ரான்ஸ்மிஷன் மாத்தணும்னா சொத்தை விக்கணும்." அமெரிக்கா வந்து பழைய டொயோட்டா வாங்குற நம்மாளுங்களுக்கு ஓசியில கிடைக்கிற முதல் உபதேசம் இதுதான். சமதரையில சரி, போனா போகுது. மலை இறக்கத்துல இந்த உபதேசம் ஆளைக் கொல்லும்.

1997 கொரோலா லீவரைப் பாருங்க. 'டி'க்குக் கீழே '2', அதுக்கும் கீழே 'எல்', லீவர்லயே ஓவர் டிரைவ் பட்டன். இதெல்லாம் என்ன திருஷ்டிக்கா வச்சிருக்கான்?

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே ஐ-5ல கிரேப்வைன் இறக்கம். 6 சதவீதச் சரிவு, அஞ்சு மைல் கிட்ட. ப்ரேக் பிடிக்காத லாரிங்க ஏறி நிக்கறதுக்குன்னே ஓரத்துல தனிப்பாதை போட்டிருக்காங்க. அங்கே 'டி'யிலயே விட்டா வண்டி மேல் கியர்ல ஓடும், எஞ்சின் சரியாப் பிடிக்காது, பாரமெல்லாம் ப்ரேக் தலையில. டாட் 3 ப்ரேக் ஆயிலுக்குக் குறைஞ்சபட்சக் கொதிநிலை புதுசுல 205 டிகிரி செல்சியஸ், ஈரம் இழுத்தப்புறம் 140தான். கொதிச்சுக் குமிழி வந்துச்சுன்னா பெடல் தரைக்குப் போகும். பழைய வண்டியில அந்த ஆயிலை யாருய்யா கடைசியா மாத்தினது? கொலராடோவுல பைக்ஸ் பீக் இறங்கும்போது க்ளென் கோவ்ல நிறுத்தி ப்ரேக் சூட்டை அளந்து பாக்கறாங்க. ஜாஸ்தியா இருந்தா ஆறவிட்டுத்தான் போகணும்.

சரி, ட்ரான்ஸ்மிஷன் போயிடுமா? அதே மலையில ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினா வண்டி தானாவே கீழ் கியருக்கு வருது. எஞ்சினோட முழு இழுவையையும் அப்போ கியர்பாக்ஸ் தாங்குது. இறங்கும்போது எஞ்சின் பிடிச்சு இழுக்கறது அதுல ஒரு பங்குதான். ஏறும்போது சாகாதது இறங்கும்போது மட்டும் சாகுமா? பழைய ஆட்டோமேட்டிக்கைக் கொல்றது சூடும், வருஷக்கணக்கா மாத்தாத ஆயிலும்தான்.

இன்னொரு சங்கதி. பல வண்டிகள்ல 'டி'யில முதல் கியர் சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி, காலை எடுத்தா சும்மா சுத்தும். 'எல்' போட்டாத்தான் உள்ளே இன்னொரு பிடி விழுந்து எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

பெட்ரோல் வீணாகும்ங்கறதும் கதை. இஞ்செக்‌ஷன் வண்டியில காலை எடுத்துட்டு கியர்ல இறங்கினா பெட்ரோல் வரத்தே நிக்கும். நியூட்ரல்ல உருட்டினாத்தான் எரியும். இறக்கத்துல நியூட்ரல் போடறது கலிஃபோர்னியாவுல சட்டப்படி குத்தம் வேற. நம்ம ஊட்டி மலையில பஸ் ஓட்டுற அண்ணன்கிட்ட "கியரைத் தொடாம ப்ரேக்லயே இறக்குங்க"ன்னு சொல்லிப் பாருங்க, நடுவழியில இறக்கி விட்டுடுவார் :-)

அதுக்காக சிக்னலுக்கு சிக்னல் லீவரை ஆட்டுற ரேஸ் வீரர்களுக்கு நான் வக்கீல் இல்லை. இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ப்ரேக்ல வேகத்தைக் குறைங்க, அப்புறம் கியர். '2'க்கும் 'எல்'லுக்கும் எவ்வளவு வேகம் வரைக்கும் போகலாம்னு வண்டியோட கையேட்டுலயே இருக்கும். கிரேப்வைன் மாதிரி ஹைவேன்னா ஓவர் டிரைவை ஆஃப் பண்ணினாலே போதும். கொண்டைஊசி வளைவுன்னா '2'. பனி, மழைன்னா திடீர்னு இறக்காதீங்க, சக்கரம் சறுக்கும்.

கீழே வந்ததும் அந்தப் பட்டனை மறுபடி அமுக்குங்க. மறந்தீங்கன்னா வீடு வரைக்கும் மூணாவது கியர்லயே கத்திக்கிட்டு வரும்.