முறைத்தண்ணிக்கே கெடு இருக்கு

"குத்தம் பண்ணவனுக்குத்தானே சட்டம், நமக்கென்ன?"ன்னு டவுன் நண்பர்கள் கேக்குறாங்க.

முன்பெல்லாம் ரிமாண்ட் ஆன முதல் 15 நாளுக்குள்தான் போலீஸ் காவல் கேட்க முடியும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், அதே 15 நாளை 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகக் கேட்கலாம். ஜாமீனை மறுக்க இது மட்டும் போதாதுன்னு அதே சட்டம் சொல்லுது. ஆனா "காவல் பாக்கி இருக்கு"ன்னா எந்த மாஜிஸ்திரேட் தயங்காம விடுவார்?

2022 கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் நூற்றுக்கு 75 பேர் தீர்ப்பு வராதவர்கள். அவங்க சோறும் காவலும் நம்ம வரிப்பணம். நடவு நேரத்துல ஆள் உள்ளே போன வீடு வட்டிக்கு வாங்குற காசு எந்த பட்ஜெட்லயும் வராது.

வாய்க்கால்ல முறைத்தண்ணிக்கே மணிக்கணக்கு வச்சிருக்கோம். மனுசனை அடைச்சு வைக்க ஒரு கெடு வேண்டாமா?