விமானத்துக்கும் ஒரு ரிட்டயர்மென்ட் தேதி வேண்டும்

2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு வழியனுப்பு விழா நடந்தது. 1963-ல் நம் விமானப்படையில் சேர்ந்த ரகம். 62 வருஷ சர்வீஸ்! நம்மையெல்லாம் 60 வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிவியில் எல்லோரும் உருகி உருகிப் பேசினார்கள். 1971 போரில் அது செய்த வேலைக்கு அந்த மரியாதை தகும். ஆனால் இத்தனை வருஷம் உழைத்ததையே ஒரு பெருமையாகச் சொன்னபோது எனக்கு நெருடியது. உழைத்தது சரி, ஏன் உழைக்க வேண்டி வந்தது?

நான் ரயில்வேயில் பெட்டி பராமரிப்பில் இருந்தவன். எங்களிடம் 'கோடல் லைஃப்' என்று ஒரு கணக்கு உண்டு. பழைய ஐ.சி.எஃப். பெட்டிக்கு 25 வருஷம். அடுத்த பி.ஓ.எச். எப்போது என்பதைப் பெட்டியின் கடைசிச் சுவரில் பெயின்டில் எழுதியிருப்பார்கள். பிளாட்பாரத்தில் நிற்கிற யாரும் படிக்கலாம். தேதி தாண்டினால் பதில் சொல்ல ஓர் ஆள் உண்டு. பெட்டி வரும்போதே அது போகிற நாளும் தெரியும் என்பதால் மாற்றுப் பெட்டிக்கு முன்கூட்டியே திட்டம் போட முடியும்.

விமானத்தில் வருஷத்தை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதுதான் உலோகத்தின் களைப்பைச் சொல்லும். நன்றாகப் பராமரித்தால் கிழட்டு விமானமும் பறக்கும். அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தில் கடைசியாகச் செய்தது 1962-ல். இன்னும் பறக்கிறது, புது என்ஜின் மாட்டி 2050 வரைக்கும் ஓட்டப் போகிறார்களாம். ஆனால் அதைச் செய்த நாடும் ஓட்டுகிற நாடும் ஒன்று. நம் ஏ.என்.-32 சரக்கு விமானத்தின் கதை வேறு. 1984-ல் சோவியத் யூனியனிடமிருந்து வாங்க ஆரம்பித்தோம். 1991-ல் அந்த நாடே இல்லை. விமானத்தை வடிவமைத்த ஆன்டனோவ் உக்ரைனில் இருக்கிறது. புதுப்பிக்கும் வேலையை 2009-ல் அவர்களிடம் கொடுத்தோம். 2014-ல் ரஷ்யாவுடன் மோதல் ஆரம்பித்ததும் பாகங்கள் வருவது சிக்கலானது.

இந்த ஏ.என்.-32 நமக்கு அந்நியமில்லை. 2016 ஜூலை 22-ம் தேதி காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிய விமானம் வங்கக்கடல் மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில்தான், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கிக் கருவி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் பிடித்தது. ஏழரை வருஷம்! அத்தனை நாளும் 29 வீடுகளில் என்ன நினைத்துக்கொண்டு படுத்து எழுந்திருப்பார்கள்?

விபத்துக்கு வயதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் நிரூபிக்கவும் இல்லை. 2015 ஜூன் 8-ம் தேதி இதே கடலில் விழுந்த கடலோரக் காவல்படையின் டார்னியர் 2014-ல் வந்த புது விமானம்தான். மூன்று பேர் போனார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். டார்னியரில் தண்ணீருக்கடியில் ஒலி எழுப்பும் கருவி இருந்தது. அந்த ஒலியைப் பிடித்து சுமார் ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏ.என்.-32-ல் அந்தக் கருவி இல்லை. பழைய விமானத்தை ஓட்டியே ஆக வேண்டுமென்றால் சரி. காலத்துக்கேற்ற கருவியைக்கூட மாட்டாமல் கடல் தாண்டி அனுப்புவதற்கு என்ன சமாதானம் சொல்வது?

"புதுசு வரும்வரை பழசை ஓட்டாமல் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் யானைக்கவுனி மேம்பாலம் பழசாகிவிட்டது என்று மூடினார்கள், இடித்தார்கள், புதிதாகக் கட்டினார்கள். வால்டாக்ஸ் ரோட்டுக்காரர்கள் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டு போனோம். திட்டிக்கொண்டே போனோம், ஆனால் போக வழி இருந்தது. நாட்டின் எல்லையை 'வேலை நடைபெறுகிறது' என்று போர்டு வைத்து மூட முடியாது. அதனால்தான் மாற்று ஏற்பாடு முன்னாலேயே தொடங்க வேண்டும் என்கிறேன்.

நாம் எப்போது தொடங்கினோம், எப்போது முடித்தோம்? தேஜஸ் திட்டத்துக்கு 1983-ல் அனுமதி கிடைத்தது. 2001-ல் முதல் தடவை பறந்தது. முதல் ஸ்குவாட்ரன் அமைந்தது 2016-ல். இன்று நம் சூலூரிலிருந்து பறக்கிறது, சந்தோஷம். நடுவில் போன 33 வருஷத்தின் சுமையைத் தாங்கியது மிக்-21. 2012-ல் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்தில் போயின. 171 விமானிகள் இறந்தார்கள். பல விபத்துகளுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். இருந்தாலும், பாதிக்கு மேல் விழுந்த ஒன்றை ஓட்டிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் ஒன்றுதான், கையில் வேறு இல்லை.

அவ்ரோ விமானம் 1960-களில் வந்தது. அதற்குப் பதிலாக 56 சி-295 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது 2021-ல். ஏ.என்.-32-க்கு மாற்றாக ரஷ்யாவோடு சேர்ந்து செய்யவிருந்த திட்டமோ பாதியில் கைவிடப்பட்டது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒரு ரகம் படையில் சேரும் அன்றே அது ஓய்வு பெறும் ஆண்டையும் அறிவியுங்கள். மாற்று விமானத்துக்கு ஆர்டர் போட வேண்டிய ஆண்டையும் சேர்த்து நாடாளுமன்றத்தில் வையுங்கள். ஆயுள் நீட்டிப்பு தேவைப்பட்டால் காரணத்தோடு வந்து கேளுங்கள். இதில் எதிரிக்குத் தெரியக்கூடாத ரகசியம் ஒன்றுமில்லை. விமானத்தின் வயது உலகத்துக்கே தெரியும்.

ரயில் பெட்டியின் சுவரில் எழுதுகிற தேதியை, நம் பிள்ளைகள் உட்காரும் விமானத்துக்கும் எழுதி வைக்கச் சொல்கிறேன். அவ்வளவுதான்.