போர்ட் இல்லாத ஐபி யாரைக் காட்டும்?

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுகள் 60 நாளில் அமலுக்கு வருவதாக இருந்தன. பாதுகாப்புச் சம்பவங்களை அறிவிக்க 6 மணி நேர கெடு போதாது என்பதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். சர்வர் கடிகாரங்களை அரசின் நேர சர்வரோடு (என்டிபி) இணைக்கும் விதியை முழுமனதாக வரவேற்கிறோம். நேரம் தப்பிய லாக்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

நம் கவலை வேறு. நான்காம் உத்தரவு 180 நாள் லாக் கேட்கிறது. அதில் என்னென்ன பதிய வேண்டும் என்று சொல்லவில்லை. ஐந்தாம் உத்தரவு விபிஎஸ், கிளவுட், விபிஎன் நிறுவனங்கள் 5 ஆண்டு காக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது: பெயர், முகவரி, ஒதுக்கிய ஐபி முதலியன. இணைப்பு புறப்படும் போர்ட் எண்ணான சோர்ஸ் போர்ட் அதில் இல்லை. ஐபி கிடைத்தால் ஹோஸ்ட் கிடைத்தது, ஹோஸ்ட் கிடைத்தால் ஆள் கிடைத்தார் என்ற கணக்கு இது.

அந்தக் கணக்கு தப்பு. ஒரு ஹோஸ்டுக்குப் பல ஐபி இருக்கலாம் என்பது 1989-இன் இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 1122-இலேயே உண்டு. ஒரே பொது ஐபியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிரும் சிஜிநாட் வந்தபின் ஒரே ஐபிக்குள் பல வீடுகள். 1024 முதலான 64,512 போர்ட்டுகளை ஆளுக்கு 1,008 வீதம் பிரித்தால் 64 சந்தாதாரர்கள். சர்வரில் பதிவான ஐபியும் நேரமும் அந்த 64 பேரையும்தான் காட்டும். ஒருவரைத் தனியே காட்ட சோர்ஸ் போர்ட் வேண்டும். ஆர்எஃப்சி 6302 துல்லியமான நேரத்தையும் சோர்ஸ் போர்ட்டையும் பதியச் சொன்னது 2011-இல். செர்ட்-இன் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போர்ட்டை விட்டுவிட்டது.

 போர்ட் இல்லாமல் ஐபியோடு மட்டும் விசாரணை அதிகாரி வந்தால், நாட் லாக் பக்காவாக இருந்தும் ஐஎஸ்பியால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. கையில் கொடுக்க முடிவது 64 பேர் பட்டியல். அதில் 63 பேர் சம்பந்தமே இல்லாதவர்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு யார் பொறுப்பு? உத்தரவுக்கு இணங்காவிட்டால் சர்வர் நடத்தும் நமக்கு 2022-இல் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருந்தது. இணங்கியும் பயன்படாத லாக்கைக் கேட்டவர்களிடம் எந்தக் கேள்வியும் இல்லை. வரைவைப் பொதுவெளியில் வைத்திருந்தால், நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் (என்ஓசி) உட்கார்ந்திருக்கும் எந்தப் பையனும் முதல் நாளே சொல்லியிருப்பான்.

அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டின் வழக்கமான அக்சஸ் லாக் வடிவத்திலும் சோர்ஸ் போர்ட் கிடையாது. இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். முன்னால் லோட் பேலன்சர் இருந்தால் பின்னால் உள்ள சர்வர் பெரும்பாலும் காண்பது பேலன்சரின் போர்ட்டைத்தான். கிளையண்டின் போர்ட்டை பேலன்சரிலேயே பதிய வேண்டும், அல்லது தனி ஹெடரில் உள்ளே அனுப்ப வேண்டும். செர்ட்-இன்னும் நான்காம், ஐந்தாம் உத்தரவுகளில் சோர்ஸ் போர்ட்டைச் சேர்த்து, திருத்தம் வெளியிட வேண்டும்.