ஒரே பந்தியில் அமர்ந்த பிறகு: கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளும் சட்டம் கைவிட்ட பிள்ளைகளும்

2025 ஆகஸ்ட் 26 அன்று, சென்னை மயிலாப்பூரின் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. ஊரகப் பகுதிகளின் உதவி பெறும் பள்ளிகளுக்கான விரிவாக்கம், அதற்கு ஓராண்டு முன்பு, 2024 ஜூலை 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. தமிழ்நாட்டின் தொடக்கக் கல்வியில் கத்தோலிக்கத் திருச்சபைக்கு உள்ள இடத்தை இவ்விரு நிகழ்வுகளும் நினைவூட்டின.

பிள்ளைகள் ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே உணவை உண்பது சிறிய செய்தியன்று. தலித் பெண் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் உண்ண மாட்டார்கள் என்று பெற்றோர் சிலர் தடுத்த செய்திகள், இதே திட்டத்தையொட்டி 2023இல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்தன. ஆகவே அந்தப் பந்தியை நாம் வரவேற்கிறோம். ஆனால் தட்டுகள் கழுவப்பட்டு, மணி அடித்து, பிள்ளைகள் வகுப்பறைக்குள் நுழைந்த பிறகு அந்தச் சமத்துவத்துக்குப் பொறுப்பு யார்? இக்கட்டுரை எழுப்பும் கேள்வி இதுதான்.

திருச்சபைப் பள்ளிகளின் பங்களிப்பை மறுப்பது நம் நோக்கமன்று. எழுத்து மறுக்கப்பட்டிருந்த குடும்பங்களின் முதல் தலைமுறை பல ஊர்களில் ‘சாமியார் பள்ளி’யில்தான் சிலேட்டைத் தொட்டது. இதை வாசிக்கும் தோழர்களில் பலர் அப்பள்ளிகளிலிருந்து வந்தவர்களே. காலை வழிபாட்டில் “நாம் அனைவரும் ஒரே குடும்பம்” என்று சொல்லும் ஆசிரியர்களில் அதை மனதாரச் சொல்பவர்கள் உண்டு என்பதையும் நாம் அறிவோம்.

எனினும் பள்ளி, பங்கிலிருந்து தனித்து நிற்பதில்லை. பங்கு, ஊரிலிருந்து தனித்து நிற்பதில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்ட போராட்டத்தையொட்டி 2008இல் வன்முறையும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. ஆயர்களே ஒப்புக்கொண்ட ஒன்று பள்ளி வாசலில் மட்டும் நின்றுவிடும் என்று நம்புவதற்குக் காரணம் ஏதுமில்லை.

அரசு உதவி பெறும் கத்தோலிக்க ஆண்கள் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புப் பயிலும் சிறுவனின் தந்தை ஒருமுறை நம்மிடம் வந்தார். கழிவறைக்கு நீர் ஊற்றிக் கழுவும் வேலை வாரந்தோறும் இரண்டு சிறுவர்களுக்கே வந்தது. இருவரும் காலனியிலிருந்து வருபவர்கள். “படிக்கத்தானே அனுப்பினோம்” என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. தாளாளருக்கு நாம் எழுதிய கடிதத்துக்குப் பின், அவ்வேலை சம்பளத்துக்கு ஒரு பெரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் நடந்தது தவறு என்று எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. அச்சிறுவர்களிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவுமில்லை.

அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் சட்டத்தின் ஓட்டை முழுதாகப் புலப்பட்டது. இரு சிறுவர்களில் ஒருவன் இந்து ஆதிதிராவிடர், மற்றவன் கத்தோலிக்கன். இருவருக்கும் ஒரே வாளி, ஒரே துடைப்பம். முதலாமவனுக்காக 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாடலாம். இரண்டாமவனுக்காக நாட இயலாது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை முதலில் இந்துக்களையே உள்ளடக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றுவரை வெளியே நிற்கின்றனர். தலித் கிறித்தவரைப் பட்டியலில் சேர்க்கக் கோரித் தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியும் நிலை மாறவில்லை. தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்பின் 17ஆவது உறுப்பு மதம் பார்ப்பதில்லை. வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு மதம் பார்க்கிறது.

இரண்டாவது ஓட்டை இருவருக்கும் பொதுவானது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 17ஆவது பிரிவில் தடை செய்கிறது. 21ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு விகிதாசார இடம் வேண்டும். 2014இல் பிரமதி கல்வி அறக்கட்டளை வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இச்சட்டம் முழுவதுமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளும் விலக்குப் பெற்றன. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இத்தீர்ப்பின் சரித்தன்மையை ஐயுற்று, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது. அதுவரை பிரமதி தீர்ப்பே சட்டம்.

இதன் பொருள் என்ன? ஆசிரியரின் ஊதியம் பொதுப் பணத்திலிருந்து வருகிறது. காலை உணவும் மதிய உணவும் பொதுப் பணத்திலிருந்து வருகின்றன. ஆனால் அத்தந்தை அமர்ந்து கேள்வி கேட்பதற்குச் சட்டம் உறுதி செய்த நாற்காலி ஒன்றுகூட அப்பள்ளியில் இல்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவும் குழந்தை உரிமை ஆணையமும் எஞ்சியுள்ளன. அவை கொடுமை நடந்த பின் தட்டும் கதவுகள். அன்றாடம் திறந்திருக்கும் கதவுகள் அல்ல.

இது கண்ணியம் பற்றிய சிக்கல் மட்டுமன்று, கற்றலைப் பற்றியதும்தான். சாதாராப் பள்ளியில் அம்பேத்கர் தனிக் கோணித்துணியில் அமர்ந்தார். பணியாளர் வந்து குழாயைத் திறந்தால்தான் அவருக்குத் தண்ணீர். தாகத்தை அடக்கக் கற்கும் பிள்ளை கேள்வியையும் அடக்கக் கற்கிறது. கேலிக்கு அஞ்சி வாய்விட்டு வாசிக்காத சிறுவன் எழுத்துக் கூட்டுவதில் பின்தங்குகிறான்; பின்தங்கியவன் கடைசி வரிசைக்குப் போகிறான்; கடைசி வரிசைக்கு ‘மக்கு’ என்று பெயர் விழுகிறது. சாதி செய்த வேலையை மதிப்பெண் பட்டியல் உறுதிப்படுத்துகிறது.

ஆண்கள் பள்ளியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. வாளி தூக்குபவனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மற்ற சிறுவர்களும் அங்கே பாடம் கற்கிறார்கள். யார் பீடச் சிறுவனாக நிற்கிறான், யார் வகுப்புத் தலைவன், யார் விழா மேடையில் பேசுகிறான் என்பதைக் கணக்கிட எட்டு வயதுப் பையனுக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் சக மாணவர்கள். அவர்கள் அந்த வெறுப்பைப் பன்னிரண்டாம் வகுப்பில் புதிதாகக் கற்றிருக்க முடியாது. அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, மாணவர் சாதி விவரங்களின் இரகசியம் காத்தல் முதலிய பரிந்துரைகளை அது வழங்கியது. அவற்றின் உணர்வு தொடக்கப் பள்ளியிலிருந்தே செயலுக்கு வர வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

சிறுபான்மையினர் கல்வி உரிமையை நாம் எதிர்க்கவில்லை. பெரும்பான்மைவாதம் வலுத்துவரும் காலத்தில் 30ஆவது உறுப்பு காக்கப்பட வேண்டிய அரண். ஆனால் அரண் வெளியிலிருந்து வரும் பகைவருக்கு எதிரானது. உள்ளிருக்கும் பிள்ளைகளின் கேள்விக்கு எதிரானதன்று. சட்டம் கட்டாயப்படுத்தாததைத் திருச்சபை தானே செய்வதை அவ்வுறுப்பின் எந்தச் சொல்லும் தடுக்கவில்லை.

எனவே மறைமாவட்டங்களிடம் நாம் முன்வைப்பவை நான்கு. தலித் பெற்றோருக்கு உரிய இடமுள்ள மேலாண்மைக் குழுவை ஒவ்வொரு பள்ளியும் அமைக்கட்டும். துப்புரவு வேலை எதையும் மாணவர் எவருக்கும் தராதிருக்கட்டும். இருக்கை, பொறுப்பு, மேடை ஆகியவை சுழற்சி முறையில் அமையட்டும். பாகுபாடு குறித்த புகார்களுக்குப் பதிவேடும் பள்ளிக்கு வெளியிலிருந்து ஒரு விசாரணையாளரும் இருக்கட்டும். இவற்றுக்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை; 2016ஆம் ஆண்டின் கொள்கை ஆவணத்தை மெய்யாகவே கடைப்பிடித்தால் போதும்.

கல்லூரித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் பயின்ற தொடக்கப் பள்ளிக்கு ஒருமுறை திரும்பிச் செல்லுங்கள். கழிவறையைக் கழுவுவது யார், கடைசி வரிசையில் இருப்பது யார் என்று கேளுங்கள். ஒரே குடும்பம் என்று சொல்லும் வீட்டில் வாளி யார் கையில் இருக்கிறது என்பதை வைத்தே அக்குடும்பத்தை அளக்க முடியும்.